உங்க போன் பழசு, அங்கிள்

ஒரு இணையப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் குற்றம் யாருடையது? இப்போதெல்லாம் பதில் தயாராக இருக்கிறது. போன் பழசு. ரேம் போதாது. நெட் ஸ்லோ. கடைசியில், "உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியலை". அந்தப் பக்கத்தை எழுதிய நிரலைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை. நம் வயதுக்காரர்களும் தலையை ஆட்டிவிட்டு, பேரனிடம் போனைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறோம். நான் இதை ஒப்புக்கொள்வதாக இல்லை. பத்தில் எட்டு தடவை குற்றம் போனில் இல்லை, நிரலுக்குள் இருக்கும் லூப்பில் இருக்கிறது என்பது என் கட்சி. அதிலும் லூப் சுற்றும் வேகத்தில் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதன் தலையில் கட்டப்படும் வேலையில் இருக்கிறது.

லூப் என்றால் என்னவென்று கேட்கப்போகும் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளைதான் லூப். "இந்த 600 ரசீதுக்கும் முத்திரை குத்து" என்று கிளார்க்கிடம் சொன்னால் அது ஒரு லூப். நம் போனில் திறக்கும் பக்கங்களுக்குள் இந்தக் கட்டளைகளை எழுதும் மொழிக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர். 1995-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். படிவத்தில் பெயர் விட்டுப்போயிருந்தால் எச்சரிப்பது, பட்டனை மினுக்குவது போன்ற சில்லறை வேலைகளுக்காகப் பிறந்த மொழி. இன்றைக்கு பேங்க், ரயில் டிக்கெட், மின்கட்டணம் என்று அதன் தலையில் ஏறாத பாரம் இல்லை.

அந்த ஆரம்ப காலத்தில் பிரவுசர் இந்த மொழியை வரி வரியாகப் படித்துத்தான் செய்யும். ஆயிரம் சுற்று என்றால் ஆயிரம் தடவையும் அதே வரியை மறுபடி பார்த்து அர்த்தம் பண்ணிக்கொள்ளும். அதனால் லூப்பை வேகமாக்க அப்போது பிறந்த கைவைத்தியங்கள் பல. பட்டியலின் நீளத்தை ஒவ்வொரு சுற்றிலும் கேட்காமல் முன்னாலேயே குறித்து வைத்துக்கொள். ஒன்றிலிருந்து ஏறுவதற்குப் பதில் கடைசியிலிருந்து இறங்கு. ஒரு சுற்றுக்கு ஒரு வேலை என்பதை எட்டு எட்டாகச் சேர்த்துக் கட்டு. இந்த எட்டு வித்தை, 1983-இல் லூகாஸ்பிலிமில் இருந்த டாம் டஃப் சி மொழியில் செய்துகாட்டியது. அதையும் ஜாவாஸ்கிரிப்டுக்குள் இழுத்து வந்தார்கள். அன்றைக்கு இதெல்லாம் பலித்தது.

2008 செப்டம்பரில் கூகுள் தன் குரோம் பிரவுசரை வெளியிட்டது. அதற்குள் இருந்த வி8 என்ற எஞ்சின், நிரலைப் படித்துப் படித்துச் செய்யாமல் இயந்திர மொழிக்கே மாற்றி ஓடவிட்டது. மற்ற கம்பெனிகளும் அதே வழிக்கு வந்தன. இன்றைய எஞ்சின் எந்த லூப் அதிகம் சுற்றுகிறது என்று கவனித்து, அதைத் தனியாக எடுத்துப் பட்டை தீட்டிவிடும். நீளத்தைக் குறித்துவைக்கும் வேலையைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆனாலும் கைவைத்தியம் நிற்கவில்லை. இன்றும் பிள்ளைகள் 'ஃபார்' வேகமா, 'ஃபார்-ஈச்' வேகமா என்று மல்லுக்கட்டுகிறார்கள். ஃபார்-ஈச்சில் எனக்குத் தெரிந்து உருப்படியான குறை ஒன்றுதான்: தேடியது கிடைத்துவிட்டது, போதும் என்று பாதியில் நிறுத்த அதில் நேர்வழி கிடையாது. மற்றபடி நாமெல்லாம் காத்திருக்கும் நேரம் இந்தச் சண்டையில் அடங்கியிருக்கவில்லை.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தாம்பரத்திலிருந்து பீச் போகும் சாதா லோக்கலும் பாஸ்ட் லோக்கலும் ஒரே மாதிரி வண்டிதான். பாஸ்ட் லோக்கல் சீக்கிரம் போய்ச் சேருவது அதன் மோட்டார் உசத்தி என்பதால் அல்ல, எல்லா ஸ்டேஷனிலும் நிற்பதில்லை என்பதால். எல்லா இடத்திலும் நின்று நின்று போகும் வண்டிக்கு எவ்வளவு நல்ல மோட்டார் போட்டாலும் அது சாதா லோக்கல்தான். லூப்புக்கும் கதை அதேதான்.

கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நகர் நலச்சங்கத்துக்கு, சேலையூரில் எங்கள் பகுதியிலேயே வளர்ந்த ஒரு பையன் இலவசமாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தான். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன். 600 வீடு. வீட்டுக்காரர் பெயர், தெரு, மாதச் சந்தா நிலுவை, மேலே ஒரு தேடுபெட்டி. எல்லாம் தமிழில். அவனுடைய லேப்டாப்பில் சிட்டாகப் பறந்தது. எதிர்வீட்டு டீச்சரம்மாவின் போனில் வெள்ளைத் திரைதான். பெட்டியில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது வந்து விழுவதற்குள் அடுத்த எழுத்தைத் தட்டிவிடுகிறார்; பிறகு இரண்டும் ஒன்றாக விழுகின்றன. தப்பு என்று அழிக்கப்போனால் அதுவும் தாமதம். அவர் கூட்டத்தில் சொன்னபோது பையன் சிரித்துக்கொண்டே, "ஆன்ட்டி, போன் மாத்துங்க" என்றான். நான் சொன்னபோது எனக்கும் அதேதான்: "உங்க போன் பழசு, அங்கிள்."

"பழசுதான்பா. நீ எழுதினதைக் கொஞ்சம் காட்டு" என்றேன்.

லூப்பெல்லாம் அழகாகவே எழுதியிருந்தான். நீளத்தை முன்னாலேயே குறித்து, பின்னாலிருந்து இறங்கி, பாடம் பிசகவில்லை. உள்ளே நடந்ததுதான் வேடிக்கை.

முதலாவது, பட்டியலைத் திரையில் எழுதிய விதம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி தயாரித்து, ஏற்கெனவே திரையில் இருப்பதன் வாலில் ஒட்டிக்கொண்டே போனான். இன்னர்-எச்டிஎம்எல் என்ற வசதியால் இப்படி ஒட்டினால் பிரவுசர் புது வரியை மட்டும் சேர்ப்பதில்லை. இருப்பதையெல்லாம் எழுத்தாக்கி, புது வரியைச் சேர்த்து, மொத்தத்தையும் முதலிலிருந்து படித்து மறுபடி கட்டுகிறது. நோட்டீஸ் போர்டில் ஒரு பெயர் சேர்க்க ஒவ்வொரு தடவையும் போர்டு முழுவதையும் அழித்து எழுதுகிற மாதிரி. முதல் பெயருக்கு 1 வரி, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 3, அறுநூறாவதற்கு 600. கூட்டிப் பாருங்கள்: 1,80,300 வரி. வேண்டியிருந்தது 600. எல்லா வரியையும் முதலில் மனதுக்குள் தயார் செய்துகொண்டு, கடைசியில் ஒரே தடவை போர்டில் எழுதினால் 600-தான். இதற்கு லூப்பின் வேகத்தில் துளிகூட மாற்றம் தேவையில்லை. எஞ்சின் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இந்த வேலையைத் தானாகத் தவிர்க்காது. நீங்கள் திரையைத் தொடச் சொன்னால் அது தொட்டுத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, நிலுவைக் கணக்கு. ஒரு வருடத்து ரசீது, வீட்டுக்கு 12 வீதம் 7,200. ஒவ்வொரு வீட்டுக்கும் இந்த 7,200-ஐயும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டி, "இது இவருடையதா? இது இவருடையதா?" லூப்புக்குள் லூப். 600 பெருக்கல் 7,200 என்றால் 43 லட்சத்து 20 ஆயிரம் தடவை கேட்கிறது. தபால் இலாகாவில் வேலை பார்த்த நண்பர்கள் சிரிப்பார்கள். எந்தத் தபால்காரராவது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பையில் உள்ள மொத்தக் கடிதங்களையும் கொட்டித் தேடுவாரா? காலையிலேயே ஆபீஸில், அறை அறையாக இருக்கும் அலமாரியில் பிரித்துப் போட்டுக்கொண்டுதானே கிளம்புவார். ஜாவாஸ்கிரிப்டிலும் அந்த அலமாரி உண்டு. மேப் என்று பெயர், 2015 முதல் மொழியிலேயே இருக்கிறது. 7,200 ரசீதை ஒரு தடவை பிரித்துப் போட வேண்டும். 600 வீட்டுக்கும் நேராக அந்தந்த அறையைத் திறக்க வேண்டும். ஆக 7,800. சில்லறை மிச்சமா இது? 43 லட்சம் எங்கே, 7,800 எங்கே.

மூன்றாவதுதான் தமிழுக்கே உரிய விஷயம். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது எண். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண் வரிசை நம் பள்ளிக்கூட வரிசை அல்ல. அதில் ந-வுக்கு அடுத்தது ன. அதன் பிறகுதான் ப, ம. எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தினால் கனகா முன்னால் வருவார், கமலா பின்னால். நம் அகராதி வரிசையில் ன கடைசி மெய், கமலாதான் முதலில். டீச்சரம்மா இதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். பிரவுசருக்குத் தமிழ் வரிசை தெரியாமலில்லை. கொலேட்டர் என்று ஒரு உதவியாளரைத் தமிழுக்கென்று உருவாக்கிக்கொண்டால், இரண்டு பெயரைக் காட்டியதும் எது முன், எது பின் என்று அவர் சொல்லிவிடுவார். ஆனால் உதவியாளரை உருவாக்குவதற்குச் செலவு உண்டு. 600 பெயரை வரிசைப்படுத்த கிட்டத்தட்ட 5,000 ஒப்பீடு ஆகும். பையன் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் புதுசாக ஒரு உதவியாளரை வேலைக்கு எடுத்து, ஒரு கேள்வி கேட்டு, வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். ஒரே ஒருவரை லூப்புக்கு வெளியே எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று. 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். க-வுடன் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்க்கலாம். ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் கோபால்தான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு ஆள். அதனால் தேடும்முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கும் மொழியிலேயே வசதி இருக்கிறது. பையனுக்கு இது தெரிந்திருந்தது, சபாஷ். ஆனால் ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் 600 பெயரையும் புதிதாக மாற்றிக்கொண்டிருந்தான். பெயர்கள் எங்கே ஓடிப்போகின்றன? பக்கம் திறக்கும்போது ஒரு தடவை மாற்றி வைத்தால் ஆயிற்று.

தமிழும் லூப்பும் என்றதும் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 5 என்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை 3 என்று சொல்லும். யூனிகோடில் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்காமல் உயிர், அகரமேறிய மெய், குறிகள் என்று கொடுத்ததால் வந்த வினை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் டாம், டாப் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் பேசப்பட்ட நாளிலிருந்தே இந்தச் சச்சரவு உண்டு. பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் என்ற டேஸ்16 குறியீடு வந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு யூனிகோடைத் தரமாகவும் டேஸ்16-ஐ மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. டேஸ் பக்கம் நின்றவர்கள் சொன்ன காரணங்களில் வேகமும் ஒன்று: எழுத்துக்கு ஒரு எண் என்றால் லூப் குறைவாகச் சுற்றும், மெய்யையும் உயிரையும் கூட்டல் கணக்கிலேயே பிரிக்கலாம்.

அவர்கள் சொன்னதில் இலக்கண அழகு இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேகம் என்ற வாதம் மட்டும் எனக்கு அன்றும் ஒட்டவில்லை, இன்றும் ஒட்டவில்லை. 5 சுற்றை 3 சுற்றாக்கினால் மிச்சம் இரண்டு மடங்குகூட இல்லை. மேலே பார்த்த தபால் அலமாரி ஐந்நூறு மடங்குக்கும் மேல் மிச்சப்படுத்துகிறது, அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம். உலகத்து போன்கள் எல்லாம் யூனிகோடைப் பேசும்போது, லூப்பில் இரண்டு சுற்றுக்காகத் தனிப் பாதை போடுவது கட்டுபடியாகாது. எழுத்தை எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் இப்போது செக்மென்டர் என்ற உதவியாளர் பிரவுசரிலேயே வந்துவிட்டார். குரோமில் 2020 முதல் உண்டு. அவரிடம் கொடுத்தால் 'தமிழ்' மூன்று எழுத்து. அவரையும் லூப்புக்கு வெளியே ஒரு தடவைதான் உருவாக்க வேண்டும் என்று நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் பிள்ளைகள் டொனால்ட் நூத் பெயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அவசரப்பட்டு வேகப்படுத்தாதே என்று பெரியவரே சொல்லியிருக்கிறாரே, அங்கிள்!" சொன்னார்தான், 1974-இல். நூற்றுக்கு 97 இடங்களில் சில்லறை வேகத்தை மறந்துவிடலாம் என்றார். மீதி 3 இடத்தைக் கோட்டைவிடக் கூடாது என்று அதே மூச்சில் சொன்னதைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதற்கு மூன்று வருடம் முன்பே அவர் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து, நிரலில் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் சாப்பிடுகிறது என்று காட்டியிருந்தார். அந்த 4 சதவீதம் எங்கே என்று அளந்து பார்க்க வேண்டும். ஊகத்தில் சொன்னால் தப்பாகத்தான் சொல்வோம். கார்டு பஞ்ச் செய்து கொடுத்துவிட்டு ரிசல்ட்டுக்கு மறுநாள் வரை காத்திருந்த தலைமுறைக்கு இது ரத்தத்தில் ஊறியது. வேறு வழியில்லாமல் ஊறியது, பெருமைப்பட ஒன்றுமில்லை.

இன்றைக்கு அளப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா? குரோமுக்குள்ளேயே பெர்ஃபார்மன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த வேலைக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று படம் போட்டுக் காட்டும். அதிலேயே லேப்டாப்பின் வேகத்தை 4 மடங்கு, 6 மடங்கு குறைத்து ஓட்டிப் பார்க்கவும் ஒரு தேர்வு உண்டு. டீச்சரம்மாவின் போன் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள டீச்சரம்மாவின் போன்கூட வேண்டாம். பையனுக்கு அதைத் தட்டிக் காட்டினேன். தன் பக்கம் தானே தள்ளாடுவதை ஐந்து நிமிடம் பார்த்தான். அதன் பிறகு "போன் பழசு" என்ற பேச்சு வரவில்லை. அந்த வாரமே மூன்றையும் திருத்தினான்.

ஒன்றில்தான் எனக்கும் அவனுக்கும் தகராறு. தேடுபெட்டியில் ஒவ்வொரு தட்டுக்கும் பட்டியலைப் புதுப்பிக்காமல், விரல் ஓய்ந்து 300 மில்லிசெகண்ட் கழித்துப் புதுப்பிப்பது ஒரு வழக்கம். அதைச் செய்தால் போதும், உள்ளே எதையும் குறைக்க வேண்டாம் என்று முதலில் சொன்னான். எல்லோரும் செய்வதுதான். ஆனால் அது யாருக்குப் பலிக்கும்? இரண்டு கட்டைவிரலால் படபடவென்று தட்டுகிறவர்களுக்கு. அவர்களுக்கு இரண்டு தட்டுக்கு நடுவே 300 மில்லிசெகண்ட் இருக்காது, அதனால் கடைசியில் ஒரே தடவை வேலை நடக்கும். டீச்சரம்மா கண்ணாடியைச் சரிசெய்து, ஆள்காட்டி விரலால் தேடித் தேடித் தட்டுகிறார். 'கிருஷ்ணன்' என்பதில் கண்ணுக்கு 5 எழுத்து, கம்ப்யூட்டர் கணக்கில் 9. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நொடிக்குக் குறையாது. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் பக்கம், "ஓ, முடித்துவிட்டார்" என்று நினைத்து முழு வேலையையும் செய்யும். வேகமாகத் தட்டுகிறவனுக்கு ஒரு தடவை, மெதுவாகத் தட்டுகிறவருக்கு ஒன்பது தடவை. அதுவும் பழைய போனில். இந்த ஏற்பாடு யாரை மனதில் வைத்துச் செய்தது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினால் என்ன என்றான். கூட்டினால் பையன்களுக்குப் பக்கம் மந்தமாகத் தெரியும். தட்டினால் உடனே செய், ஆனால் செய்யும் வேலையைச் சின்னதாக்கு என்றேன். திரையில் ஒரு சமயத்தில் தெரிவது 20, 25 பெயர். தேடும்போது அந்த 25-ஐ மட்டும் வரைந்தால் மீதியைக் கீழே தள்ளும்போது வரைந்துகொள்ளலாம். இப்போது அப்படித்தான் இருக்கிறது, காத்திருப்பையும் எடுத்துவிட்டான். டீச்சரம்மா அதே போனை வைத்திருக்கிறார். சென்ற மாதம் நிலுவைப் பட்டியலில் தன் வீட்டுக்கு எதிரே ஒரு மாதம் பாக்கி என்று வந்திருப்பதை அவரே தேடிக் கண்டுபிடித்து, ரசீதோடு பொருளாளரைப் பார்க்கப் போனார்.